"இன்னும் தெரியாது" என்பது அவிசுவாசமா?



இந்த இதழில் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நம் சபைகளில் சாட்சி நேரத்தில் வியாதியைக் குறித்து இரண்டு விதமாகப் பேசப் பழகியிருக்கிறோம். ஒன்று, "வியாதியாயிருக்கிறேன், எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்பது. மற்றொன்று, "கர்த்தர் என்னைச் சுகமாக்கினார், ஸ்தோத்திரம்" என்பது. இரண்டும் நல்ல வார்த்தைகளே. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் உண்டு. அங்கே நிற்கிறவன் தன்னை வியாதியஸ்தன் என்றும் சொல்ல முடியாது, சுகமானவன் என்றும் சொல்ல முடியாது. டாக்டரைக் கேட்டால், "இப்போ ஒண்ணும் உறுதியா சொல்ல முடியாது, சில மாசம் கழிச்சு திரும்பப் படம் எடுத்துப் பார்க்கணும்" என்கிறார். அப்படிப்பட்டவன் சபையில் எழுந்து என்ன சொல்ல வேண்டும்? "இன்னும் தெரியாது" என்று சொன்னால், அது அவிசுவாசமா?

இதை நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. இப்போது நானே அந்த நடு இடத்தில்தான் நிற்கிறேன்.

என் காரியம் இதுதான்

திண்டிவனத்தில் எனக்கு ஒரு சின்ன மளிகைக் கடை. பல வருஷங்களுக்கு முன் ஒரு இரத்ததான முகாமில் இரத்தம் கொடுத்தபோதுதான், என் இரத்தத்தில் ஹெப்படைட்டிஸ் பி கிருமி இருப்பது தெரியவந்தது. சரீரத்தில் ஒரு வலியும் கிடையாது. மஞ்சள் காமாலையும் வந்ததில்லை. "பிறக்கும்போதே அம்மாகிட்டேருந்து வந்திருக்கலாம்" என்றார் டாக்டர். பிறந்த குழந்தைக்கு இந்தக் கிருமி தொற்றினால், நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேருக்கு அது சரீரத்தை விட்டுப் போகாமல் தங்கிவிடுகிறது. வளர்ந்தவர்களுக்குத் தொற்றினாலோ, பெரும்பாலானோருக்கு அது தானாகவே நீங்கிப் போகிறது. தங்கிவிட்ட கிருமி வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் ஈரலைப் புண்ணாக்கும். சிலருக்கு அது ஈரல் சுருக்கமாகவும், சிலருக்குப் புற்றுநோயாகவும் முடியும்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். "ஈரல்ல கோளாறுன்னா குடிதான்" என்று நம் ஊரில் சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். குடியினால் ஈரல் கெடுவது மெய்தான். ஆனால் பி கிருமி, சி கிருமி, சர்க்கரை நோய், ஈரலில் படியும் கொழுப்பு இவைகளாலும் ஈரல் கெடும். ஒரு சொட்டு மதுவையும் தொடாத தாய்மார்களுக்கும் ஈரல் சுருக்கம் வருகிறது. ஆகவே பெயரைக் கேட்டவுடனே ஆளை நியாயந்தீர்க்காதிருங்கள்.

என்னைப் போன்றவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது வைத்திய ஒழுங்கு. இத்தனை வருஷமும் சுத்தமாக இருந்த படத்தில், இந்த முறை 12 மில்லிமீட்டரில் ஒரு புள்ளி தெரிந்தது. 12 மில்லிமீட்டர் என்றால் ஒரு மல்லாட்டைப் பருப்பு அளவு. அல்ட்ராசவுண்டில் 10 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் சில மாதம் கழித்து மறுபடி அதே ஸ்கேன் போதும். அதற்கு மேலே போனால் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. எடுத்து நன்றாகப் பார்க்க வேண்டும். எனக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் "மூன்று" என்று ஒரு எண் இருந்தது. அந்த எண்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அந்தக் குழாய்க்குள் என்னதான் பார்க்கிறார்கள்?

எம்.ஆர்.ஐ. என்பது எக்ஸ்ரே அல்ல. பெரிய காந்தத்தையும் ரேடியோ அலைகளையும் வைத்துப் படம் எடுக்கிறார்கள். கையில் ஊசி போட்டு ஒரு மருந்தை இரத்தத்தில் செலுத்தி, "மூச்சை இழுங்க... அடக்குங்க... விடுங்க" என்று சொல்லிச் சொல்லி ஒன்றன்பின் ஒன்றாகப் படம் பிடிக்கிறார்கள். ஏன் இத்தனை தடவை? நம் பக்கத்து விவசாயிகளுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம்.

ஒரு நிலத்துக்கு ஏரி வாய்க்கால் தண்ணியும் பாய்கிறது, போர் மோட்டார் தண்ணியும் பாய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரலும் அப்படிப்பட்ட நிலம்தான். அதற்குப் போகிற இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து வருகிற பெரிய இரத்தக் குழாய் வழியாக வருகிறது. அது வாய்க்கால் தண்ணி. கால் பங்கு இருதயத்திலிருந்து வருகிற தமனி வழியாக வருகிறது. அது மோட்டார் தண்ணி. ஆனால் ஈரலில் முளைக்கிற புற்றுநோய் வாய்க்காலை நம்பியிராது. தனக்கென்று தனியாக மோட்டார் லைன் இழுத்துக்கொள்ளும். ஊசியில் போட்ட மருந்து முதலில் மோட்டார் வழியாக வந்து சேரும். அப்போது அந்தக் கட்டி மாத்திரம் பளிச்சென்று தெரியும். கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் வழியாகவும் மருந்து வந்து நிலம் முழுவதும் பாயும். அப்போது சுற்றியுள்ள ஈரல் பளிச்சென்றாகி, கட்டி மங்கிப் போகும். முதலில் பளிச், பிறகு மங்கல். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்குத்தான் அத்தனை படம்.

ஈரல் செல்களே உறிஞ்சிக்கொள்ளும் ஒருவித மருந்தும் உண்டு. அதைப் போட்டு 20 நிமிஷம் கழித்துப் படம் எடுத்தால், நல்ல ஈரல் வெளிச்சமாகவும், ஈரலின் வேலையைச் செய்யாத இடம் இருட்டாகவும் தெரியும். இப்படிப் பல சாட்சிகளை ஒரே நாளில் விசாரிக்கிறது அந்த மெஷின்.

எனக்கு வந்த படத்தில் புள்ளி முதலில் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் பிறகு மங்கவில்லை. பாதி சாட்சி ஒத்துப்போகிறது, பாதி ஒத்துப்போகவில்லை. இது புற்றுநோயின் ஆரம்பமாகவும் இருக்கலாம். கெட்டுப்போன ஈரலில் மோட்டார் தண்ணி ஒரு இடத்தில் வாய்க்காலுக்குள் கசிவதுபோல, தமனி இரத்தம் பக்கத்துக் குழாய்க்குள் கசிவதனால் உண்டாகிற வெறும் தோற்றமாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட தோற்றங்கள் அடுத்த படத்தில் காணாமற்போவதும் உண்டு.

ஒன்று முதல் ஐந்து வரை

இப்படிப்பட்ட புள்ளிகளை ஆளுக்கு ஒருவிதமாகச் சொல்லாமல் ஒரே முறையில் சொல்வதற்காக, அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2011-ல் ஒரு வரிசையை ஏற்படுத்தியது. லை-ராட்ஸ் என்று அதற்குப் பெயர். 2018-ல் அதைத் திருத்தி அமைத்தார்கள். ஒன்று என்றால் நிச்சயமாகப் பயப்பட ஒன்றுமில்லை. ஐந்து என்றால் நிச்சயமாகப் புற்றுநோய். மூன்று நடுவில் நிற்கிறது.

இந்த வரிசையில் நான் சிந்தித்துப் பார்த்த இரண்டு காரியங்கள் உண்டு. முதலாவது, இந்த எண் எல்லாருக்கும் பொருந்தாது. ஈரல் சுருக்கம் உள்ளவர்கள், நாள்பட்ட பி கிருமி உள்ளவர்கள், ஏற்கெனவே ஈரல் புற்றுநோய் வந்தவர்கள் ஆகிய ஆபத்துக்கு ஏதுவானவர்களுக்கு மாத்திரமே இந்த எண்ணைப் போடலாம். அதே படம் ஆரோக்கியமான ஒருவருக்கு வந்தால் அர்த்தமே வேறு. படம் தனியாகப் பேசாது. அந்த மனுஷனுடைய சரித்திரமும் சேர்ந்துதான் பேசும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருடைய ரிப்போர்ட்டை வைத்து உங்கள் ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, ஐந்து என்று சொல்ல அவர்கள் வெகுவாய்த் தயங்குகிறார்கள். 10 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள புள்ளி எத்தனை பளிச்சென்று இருந்தாலும், எத்தனை மங்கினாலும், அதற்கு ஐந்து போடக் கூடாது என்பது சட்டம். ஏனென்றால் ஐந்து என்று வந்துவிட்டால், ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்காமலேயே சிகிச்சையைத் தொடங்கலாம். அவ்வளவு பாரமான வார்த்தை அது. பாரமான வார்த்தையைச் சொல்லுகிறவன் பயந்துதான் சொல்ல வேண்டும். "தெரியவில்லை" என்று சொல்லும் இடத்தில் "தெரியும்" என்று சொல்வதை அவர்கள் குற்றமாக நினைக்கிறார்கள். இது வைத்திய அறிவு மாத்திரமல்ல, ஒரு நீதியும் இதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

2019-ல் பல ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, ஐந்து என்று குறித்தவைகளில் நூற்றுக்கு 94, நான்கு என்று குறித்தவைகளில் 74, மூன்று என்று குறித்தவைகளில் 38, இரண்டு என்று குறித்தவைகளில் 13 புற்றுநோயாக இருந்ததாகக் கண்டார்கள். ஒன்றில் ஒன்றுமேயில்லை. எனக்கு மூன்று. இந்தக் கணக்கை முதலில் கேட்ட என் மனைவி, "அப்போ அறுபத்திரண்டு நம்ம பக்கம்" என்றாள். என் மகனோ, "முப்பத்தெட்டு சின்ன நம்பர் இல்லப்பா" என்றான். இரண்டு பேரும் சரிதான். ஆனால் நூறு பேருடைய கணக்கு நூறு பேருக்கானது. என் ஈரலில் 38 பங்கு புற்றுநோய் இல்லை. அங்கே இருக்கிறது ஒன்றுதான். அது என்னவென்று எனக்குத் தெரியாது, அவ்வளவே. அது தெரிய வர மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம்.

ஏழு நாள் அடைத்து வைத்த ஆசாரியன்

பிரியமானவர்களே, இந்தக் காத்திருப்பு நமக்குப் புதிதல்ல. லேவியராகமம் 13-ம் அதிகாரத்தைத் திறந்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒருவனுடைய தோலில் ஒரு புள்ளி தோன்றுகிறது. ஆசாரியன் அதைப் பார்க்கிறான். குஷ்டம்தான் என்று தெளிவாகத் தெரிந்தால் உடனே சொல்கிறான். தெளிவாகத் தெரியாவிட்டால்? "குஷ்டம் இல்லை, போ" என்று சொல்லி அனுப்புவதில்லை. "குஷ்டம்தான், பாளயத்துக்குப் புறம்பே போ" என்றும் தள்ளுவதில்லை. ஏழு நாள் அடைத்து வைக்கிறான். ஏழாம் நாளில் மறுபடியும் பார்க்கிறான். படரவில்லையென்றால் இன்னும் ஏழு நாள். அதற்குப் பிறகுதான் தீர்ப்பு. அவன் எதைப் பார்க்கிறான் என்பதையும் கவனியுங்கள். நிறத்தைப் பார்க்கிறான், படர்ந்ததா என்று பார்க்கிறான். இன்றைக்கு எம்.ஆர்.ஐ. பார்க்கும் டாக்டரும் அதைத்தான் செய்கிறார். பளிச்சா மங்கலா என்று பார்க்கிறார், முந்தின படத்தைவிட வளர்ந்ததா என்று பார்க்கிறார். ஆறு மாதத்துக்குள் பாதி அளவோ அதற்கு மேலோ வளர்ந்திருந்தால், அதைப் புற்றுநோயின் பெரிய அடையாளங்களில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறார்.

இப்போது சொல்லுங்கள். அந்த ஏழு நாள் அடைபட்டிருந்தவன் அவிசுவாசியா? அடைத்து வைத்த ஆசாரியன் அவிசுவாசியா? "தெரியாது" என்று சொல்லுகிற அந்த நாட்களை ஏற்படுத்தினதே தேவனுடைய பிரமாணம் அல்லவா? நம் ஆண்டவரும் ஒரு குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கினபின்பு, போய் ஆசாரியனுக்குக் காண்பி என்றுதான் அனுப்பினார். சுகமாக்கினவருக்குப் பரிசோதனையைக் குறித்துப் பயமில்லை. அப்படியிருக்க, சுகம் பெற்றோம் என்கிற நமக்கு மாத்திரம் ஏன் அந்தப் பயம்?

கீழாநெல்லி சொல்லும் பாடம்

பரிசோதனை என்றாலே நம் ஜனங்களுக்குச் சந்தேகம் என்ற அர்த்தம்தான் தோன்றுகிறது. அது நம்பிக்கையின் வேலையும்கூட என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து எல்லாக் கிராமங்களிலும் உண்டு. காமாலை இறங்கியவுடன் "நோய் போச்சு" என்று விட்டுவிடுவார்கள். பெரியவர்களுக்கு வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கக்கூடியது என்பதை யோசிப்பவர்கள் குறைவு. கண் மஞ்சள் போவது வேறு, இரத்தத்திலிருந்து பி கிருமி போவது வேறு.

சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ்.பி. தியாகராஜனும் அவருடன் உழைத்தவர்களும், இந்தக் கீழாநெல்லி மெய்யாகவே பி கிருமியை நீக்குகிறதா என்று முறைப்படி பார்த்தார்கள். பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பர்க்கும் இதில் சேர்ந்திருந்தார். 1988-ல் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகையில் அதன் முடிவு வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மாத்திரம் மறைந்திருந்தது. எத்தனை பெரிய சந்தோஷம்! நம் வேலியோரத்துப் பச்சிலை உலகத்துக்கே மருந்தாகப் போகிறது என்று நினைக்கத்தக்க செய்தி.

ஆனால் அதற்குப் பிறகு மற்ற நாடுகளில் இதே பரிசோதனையைச் செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்றைக்கு பி கிருமிக்கு டாக்டர்கள் கொடுப்பது வேறு மாத்திரைகள். இதனால் 1988-ல் எழுதினவர்கள் பொய்யர் ஆகிவிட்டார்களா? இல்லவே இல்லை. கண்டதைக் கண்டபடி, எண்ணிக்கையோடு எழுதி, "நீங்களும் பாருங்கள்" என்று உலகத்தின் முன் வைத்தார்கள். ஆகவேதான் மற்றவர்களால் திரும்பப் பார்க்க முடிந்தது. ஒரு தரம் பார்த்தது ஒரு சாட்சி. நியாயப்பிரமாணத்திலும் ஒரே சாட்சியை வைத்து ஒரு மனுஷன்மேல் தீர்ப்புச் சொல்ல அனுமதியில்லை. அப்படியிருக்க, ஒரே ஒரு ஸ்கேனை வைத்து "சுகம்" என்றோ "சாவு" என்றோ நாம் தீர்ப்புச் சொல்லலாமா?

மறைந்துபோனால் என்ன சொல்வேன்?

இங்கேதான் எனக்கு மெய்யான போராட்டம். அடுத்த படத்தில் அந்தப் புள்ளி காணாமற்போனால் நான் சபையில் என்ன சொல்ல வேண்டும்? "எனக்குப் புற்றுநோய் இருந்தது, கர்த்தர் அற்புதமாக நீக்கினார்" என்று சொன்னால் கைதட்டல் வரும். அல்லேலூயா சத்தம் வரும். ஆனால் அது உண்மையா? எனக்குப் புற்றுநோய் இருந்ததாக ஒருவரும் சொல்லவில்லையே! "ஒரு புள்ளி தெரிந்தது, அது என்னவென்று தெரியவில்லை, இப்போது அது இல்லை, தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று மாத்திரமே நான் சொல்ல முடியும். இதில் என் நன்றி ஒரு பங்கும் குறையாது. குறைவது கைதட்டல்தான்.

"சின்ன விஷயம் பிரதர், கர்த்தருக்கு மகிமைதானே" என்று சிலர் சொல்லலாம். சின்ன விஷயம் அல்ல. என் சாட்சியைக் கேட்கிற கூட்டத்தில் மெய்யாகவே ஐந்து என்று எழுதப்பட்ட ரிப்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு தாய் உட்கார்ந்திருக்கலாம். நான் ஊதிச் சொன்ன வார்த்தையைக் கேட்டு அவர்கள் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால், அந்த மூன்று மாதத்துக்கு யார் கணக்குக் கொடுப்பது? யோபின் சிநேகிதர்கள் தேவனுக்காகப் பரிந்து பேசுவதாக நினைத்து என்னென்னவோ பேசினார்கள். கடைசியில் தேவகோபம் அவர்கள்மேல்தான் மூண்டது. தேவனுடைய மகிமைக்கு நம்முடைய மிகைப்படுத்தல் தேவையில்லை.

புள்ளி வளர்ந்திருந்தாலும் இதே ஒழுங்குதான். அப்போது "உன் விசுவாசம் குறைவு" என்று ஒருவரும் என்னிடம் சொல்லத் தேவையில்லை. அது படத்தில் தெரியாத காரியம்.

தெரியாமலே இருந்தால் நிம்மதிதானே?

விழுப்புரத்தில் ஒரு உபவாசக் கூட்டம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, ஒரு வயதான அம்மா என்னிடம் இப்படிக் கேட்டார்கள்: "ஏன் தம்பி, தேடிப் போய்த் தேடிப் போய்ப் பார்க்கிறீங்க? பார்க்காம இருந்திருந்தா இந்த ஆறு மாசம் நிம்மதியா தூங்கியிருப்பீங்கல்ல?"

இந்தக் கேள்வியை நான் இலேசாக எண்ணவில்லை. பரிசோதனைக்கு விலை உண்டு. ஒரு நாள் கடை அடைக்க வேண்டும். கூலி வேலை செய்கிறவர் என்றால் அன்றைய கூலி போயிற்று. முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ பஸ் ஏற வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். வீட்டில் பயம் வந்து குடியேறும். கடைசியில் அது ஒன்றுமில்லை என்றும் ஆகலாம். ஆகவே "எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும்" என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டர்களும் அப்படிச் சொல்வதில்லை. ஈரல் முற்றிலும் கெட்டு, எந்தச் சிகிச்சையையும் தாங்க முடியாத, மாற்று ஈரலும் வைக்க முடியாத நிலையில் உள்ளவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு இழுப்பது அவருக்கு உபகாரமல்ல என்று அவர்களே சொல்கிறார்கள்.

ஆனால் அறிவதனால் ஒரு கதவு திறக்குமானால், அறிய வேண்டியது கடமை என்றே நினைக்கிறேன். ஈரல் புற்றுநோய் 2 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது கண்டால், ஊசி வழியாகச் சூட்டைச் செலுத்தி அதைச் சுட்டுவிடலாம், அல்லது அறுவை செய்து எடுக்கலாம். சிலருக்கு மாற்று ஈரல் வைக்கலாம். இத்தாலியின் மிலான் நகரத்து வைத்தியர்கள் 1996-ல் வகுத்த அளவுப்படி, ஒரே கட்டி 5 சென்டிமீட்டருக்குள், அல்லது மூன்று கட்டி வரை ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் மாற்று ஈரல் நல்ல பலன் தரும். பெரிதாகி வலி வந்தபின் போனால் இந்தக் கதவுகளில் பல மூடியிருக்கும். இந்த வியாதி வலி கொடுத்துவிட்டு வருவதில்லை என்பதே அதன் தந்திரம்.

இன்னொரு காரணமும் உண்டு. என் இரத்தம் என்னுடையது மாத்திரமல்ல. எனக்குக் கிருமி இருப்பது தெரிந்ததினால்தான் என் மனைவியையும் பிள்ளைகளையும் பரிசோதித்து, தடுப்பூசி போட முடிந்தது. நம் தேசத்தில் 2011 முதல்தான் எல்லா மாநிலங்களிலும் குழந்தைகளுக்கு பி தடுப்பூசி அட்டவணையில் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்த வாலிபர்களில் அநேகர் அதைப் போட்டிருக்க மாட்டார்கள். "எனக்குத் தெரிய வேண்டாம்" என்று நான் சொல்லும்போது, அந்தத் தீர்மானத்தை என் பிள்ளைகளுக்கும் சேர்த்தே செய்துவிடுகிறேன். அந்த அதிகாரம் எனக்கு உண்டா?

அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் மருமவளுக்கு வயித்துல ஆறு மாசம். அவளையும் பார்க்கச் சொல்லணுமோ?" என்று கேட்டார்கள். "கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கம்மா. தாய்க்குக் கிருமி இருந்தாலும், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியைத் தொடங்கி, மீதி ஊசிகளையும் போட்டு முடித்தால் பெரும்பாலும் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம்" என்றேன்.

சபையாருக்கு என் வேண்டுகோள்

பிரியமானவர்களே, நடு இடத்தில் நிற்கிற ஒருவன் உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறான் என்பதை எளிமையாகச் சொல்லிவிடுகிறேன்.

"ரிப்போர்ட் என்ன ஆச்சு, சுகம்தானே?" என்று பதிலையும் சேர்த்துக் கேட்காதீர்கள். "அடுத்த தேதி எப்போ?" என்று கேளுங்கள். முடியுமானால் அன்றைக்குக் கூட வாருங்கள். முதல் பரிசோதனைக்குப் பயத்தினால் எல்லாரும் போய்விடுவார்கள். இரண்டாம் பரிசோதனைக்குத்தான் "ஒண்ணும் இல்லன்னுதானே இருக்கு" என்று போகாமல் விட்டுவிடுகிறார்கள். மூன்று என்ற எண்ணின் அர்த்தம் முழுவதும் அந்த இரண்டாம் பரிசோதனையில்தான் இருக்கிறது.

பழைய படத்தையும் சி.டி. தட்டையும் தொலைக்காமல் பீரோவில் வையுங்கள். வளர்ந்ததா இல்லையா என்று சொல்ல முந்தின படம் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

பி கிருமிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஜெபித்த பிறகு சரீரம் நன்றாயிருக்கிறது என்று தாங்களாகவே நிறுத்திவிடாதிருங்கள். திடீரென்று நிறுத்தினால் கிருமி மறுபடி எழும்பி ஈரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும். நிறுத்துவதா இல்லையா என்பதை டாக்டர் சொல்லட்டும். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெப்படைட்டிஸ் திட்டத்தின்படி அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்க வழியுண்டு.

எங்களை விட்டு விலகி உட்காராதிருங்கள். இந்தக் கிருமி இரத்தத்தினாலும், பிரசவத்தினாலும், தாம்பத்திய உறவினாலும் பரவும். கை குலுக்குவதினாலோ, ஒரே பந்தியில் சாப்பிடுவதினாலோ, திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுவதினாலோ பரவாது.

ஜெபியுங்கள். கட்டாயம் ஜெபியுங்கள். நான் சுகமாயிருக்க வேண்டும் என்றே ஜெபியுங்கள், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் ஜெபத்தின் முடிவில் எனக்குப் பதிலாக நீங்கள் ரிப்போர்ட் எழுதாதிருங்கள். விசுவாசம் என்பது தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வது அல்ல என்று நான் கற்றுக்கொண்டு வருகிறேன். தெரியாத அந்த மாதங்களிலும் காலையில் எழுந்து கடையைத் திறக்கவும், கடன் கேட்டு வருகிறவருக்கு அரிசி அளந்து கொடுக்கவும், ராத்திரியில் பிள்ளைகளோடு முழங்கால்படியிடவும், குறித்த தேதியில் ஆஸ்பத்திரிக்குப் போகவும் எனக்குப் பெலன் தருவது எதுவோ, அதைத்தான் நான் விசுவாசம் என்று சொல்கிறேன்.

என் அடுத்த எம்.ஆர்.ஐ.க்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதன்பின் அடுத்து வரும் ஞாயிறு ஆராதனையில், படத்தில் என்ன இருந்ததோ அதைக் கூட்டாமலும் குறைக்காமலும் உங்களுக்குச் சொல்வேன். ஒருவேளை அன்றைக்கும் "இன்னும் தெரியாது" என்றே சொல்ல வேண்டிவரலாம். அப்போதும் என்னோடுகூட ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

கர்த்தர் தாமே உங்கள் ஒவ்வொருவரையும் உங்கள் குடும்பங்களையும் சரீர சுகத்தோடும் சமாதானத்தோடும் காத்து நடத்துவாராக. ஆமென்.